ஆளில்லாத குளியலறையும் நான்கு பேரும்

மதிப்பும் பாசமும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம், வரிசைப்படி நலம். அங்கு நீங்களும் அக்காவும் குழந்தைகளும் எந்த வரிசையும் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கக் கூட்டம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் வகுப்பு தொடர வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஆதரவாக ஐந்து பேர், எதிராக ஐந்து பேர் என்றும், தலைவரான உங்கள் கையில்தான் முடிவு இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கையை எதிராகத் தூக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன வருடம் இதே வகுப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கத்தியவன் நான்தான், மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்தேனே தவிர, பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாமெல்லாம் பள்ளியில் எத்தனை நதிகளின் நீளத்தை மனப்பாடம் செய்தோம். ஒரு நதியாவது நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்டதா?

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் இருப்பது ஒன்பது கம்ப்யூட்டர், வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதனால் டீச்சர் அம்மா, "முதல்ல வீட்ல தினமும் வர்ற ஒரு பிரச்சினைய எடுத்துக்கங்க. அத அளந்து பாருங்க. அப்புறம் எழுதலாம்" என்று அனுப்பிவிட்டார். என் மகள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குளியலறையைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்து பேர், ஒரே குளியலறை. ஒரு வாரம் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருக்கும் நான் டிரைவர்களுக்கு எழுதுவது போலவே, போன நேரம், வந்த நேரம் என்று எழுதினாள். கணக்கு வந்தது. என் மனைவி ஏழு நிமிடம். உங்கள் மாமனார், அந்த வயதிலும், பதினொன்று. நான் நாற்பத்தொன்று. செய்தித்தாளைச் சேர்த்து. அதோடு விட்டாளா? "அம்மா ஏன் நாலரைக்கே எழுந்திருக்கிறாங்க தெரியுமாப்பா? உங்களுக்கு முன்னாடி போயிடணும்னுதான்" என்றாள். பதினான்கு வருடமாக என் மனைவிக்குத் தூக்கம் வராத வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அத்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்கா பீஸ் கட்டுகிறோம்?

பிறகு பழைய லேப்டாப்பில் ஒரு புரோகிராம் எழுதித் தாழ்வாரத்தில் வைத்தாள். யார் முறையோ அவர் பெயர் திரையில் வரும், வெளியே வந்ததும் அவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் அடுத்தவர் பெயர் வரும். முதலில் என் தம்பி, பிறகு நான், அப்பா, மகள், கடைசியில் மனைவி. எனக்குப் பதினைந்து நிமிடம், செய்தித்தாளுக்கு அனுமதி கிடையாது. பத்து நாள் ஒரு சண்டை இல்லை. என் மனைவி ஆறு மணி வரை தூங்கினாள். நானும் உற்சாகத்தில், "முறைன்னா முறை. மீறினா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று அறிவித்துத் தொலைத்தேன்.

பதினோராம் நாள் காலை திரையில் 'சித்தப்பா' என்று இருந்தது. நாங்கள் நான்கு பேரும் துண்டும் கையுமாக நின்றோம். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரியவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம்கூட இல்லை, ஏனென்றால் தம்பி முந்தின நாள் இரவே கம்பெனி வேலையாக வெளியூர் போய்விட்டான். ஆனால் அவன் முறை முடியவில்லையே. யாரும் போகவில்லை. உங்கள் மாமனார் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றபடி, "நீதானேடா முறைன்னா முறைன்னு சொன்ன" என்று என்னையே பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம் கழித்து மகள்தான் நெற்றியில் தட்டிக்கொண்டு சொன்னாள்: "ஒருத்தர் வீட்லயே இல்லன்னா என்ன செய்யணும்னு நான் எழுதவே இல்ல. தப்பு என்னோடதுதான். இப்பவே சரி பண்றேன்."

அத்தான், இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். தப்பு என்னோடது. நம் இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறையாக யார் வாயிலாவது இந்த வார்த்தை வந்திருக்கிறதா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அழாமல், அடுத்தவர் மேல் போடாமல் சொல்கிறாள். இதையெல்லாம் கற்றுக் கொடுத்தால் நாளைக்கு இவள் எந்த ஆபீசில் தாக்குப்பிடிப்பாள்?

அன்றைக்கு நான் டெப்போவுக்குத் தாமதம். தாமதமாக வரும் டிரைவர்கள் பெயரைச் சிவப்பு மையில் நான் எழுதும் பதிவேட்டில், பதினேழு வருடத்தில் முதல் முறையாக என் பெயரை நானே எழுத உட்கார்ந்தேன். காலை நாலு நாற்பதுக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸை ஓட்டிவிட்டுத் திரும்பிய மீசைக்கார டிரைவர், "சிவப்பு மையா சார், நீலமா?" என்று பணிவாகப் பேனாவை நீட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து டிரைவர்களின் அடுத்த மாத டியூட்டி சார்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன விதிப்பா?"

"அனுபவம்."

"அத எப்படி எழுதுறது?"

நான் ஸ்கேலை நகர்த்தி அடுத்த கோட்டைப் போட்டேன். அவள் பழைய சார்ட்டுகளை வாங்கி எண்ண ஆரம்பித்தாள். மாதம் பதினெட்டு, பத்தொன்பது நாள் முதல் பஸ் மீசைக்காரருக்கு. இன்னொருவருக்கு மூன்று வருடமாகப் பூஜ்யம். "இவரு காலையில வேலைக்கே வர்றதில்லையாப்பா? நான்தான் எங்கயோ தப்பா எண்ணிட்டேன் போல" என்று திரும்ப எண்ணினாள். மூன்று தடவை எண்ணினாள். அந்த இன்னொருவர் உங்கள் தம்பி. விடியற்காலைக் குளிர் அவருக்கு ஆகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். மீசைக்காரருக்கு மட்டும் குளிர் ஆகுமா என்று நாம் இருவரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறந்து எதுவும் கேட்கிறவர் இல்லை.

ஆகவே இந்த வகுப்பு உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. அதை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் பயிற்சி வையுங்கள். எழுத்து அழகாக இருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் குழந்தைகள் எதையும் எண்ணாமல், எதையும் கேட்காமல் நூறாண்டு நலமாக வாழட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குத் தலையாட்டும்,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மகள் இதை வாங்கிப் படித்தாள். கோபப்படவில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்கப்பா. ஆனா நீங்க சொன்னதுக்கும் கடைசியில கேக்கிறதுக்கும் ஒட்டவே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. இன்று டெப்போவில் மீசைக்காரரைக் கூப்பிட்டு, மாற்றி எழுதிய சார்ட்டைக் காட்டி, தப்பு என்னோடது என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சார்ட்டில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "அப்ப திங்கக்கிழமை நான் தூங்கலாமா சார்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை தயவுசெய்து ஆதரவாகக் கையைத் தூக்குங்கள். திங்கள்கிழமையின் முதல் பஸ் உங்கள் தம்பிக்கு. நாலு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள்.