சகலையின் சைலன்சர்

ஆராய்ந்து வாங்குகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. பார்ப்பதற்கு நம்மைப் போலவேதான் இருப்பார். கடைக்குள் நுழையும் வரை வித்தியாசமே தெரியாது. நுழைந்த பிறகு, ஒரு குடை வாங்குவதற்காக ஒன்பது குடைகளை விரித்து, மடக்கி, கம்பியைச் சுண்டிப் பார்த்து, கைப்பிடி எந்த மரத்தில் செய்தது என்று விசாரித்து, கடைசியில் "யோசிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார் பாருங்கள், அவர்தான். கடைக்காரர் ஒன்பது குடைகளையும் மடக்கி முடிப்பதற்குள் மழையே விட்டிருக்கும்.

இந்த இனத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். குழாய் வேலை பார்க்கிறவர். அடுத்தவர் வீட்டுக் குழாய் என்றால் ஒரே பார்வைதான். "முக்கால் இன்ச், வாஷர் போயிடுச்சு" என்பார். வீட்டுக்காரர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அது தொழில். தனக்கென்று ஒன்று வாங்கும்போதுதான் அவருக்குள் இருக்கும் விஞ்ஞானி எழுந்து உட்காருவார்.

அவரிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் குழாய், ஏணி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றலாம். ஐந்து மாதத்துக்கு முன் அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அன்று முதல் அவர் வண்டியைக் கிளப்பினால் என் வீட்டு அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பட்டறைக்குப் போய், "புதுசு ஒண்ணு மாட்டிக் கொடுங்க" என்போம். சகலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அதை வாங்கவே இரண்டு நாள் ஆயிற்று. கோடு போட்டதா, கட்டம் போட்டதா என்று ஒரு சிக்கல் இருந்தது.

"கம்பெனிக்காரன் கொடுத்ததையே திரும்ப மாட்டுறதுக்கு நான் என்ன ஏமாளியா, சகலை?" என்றார் என்னிடம். "வெளியில இதைவிட நல்லதா எத்தனையோ வந்திருக்கு. ஒரு தடவதான் வாங்கப் போறோம். அவசரப்படக் கூடாது."

அவசரப்படக் கூடாது. இந்த இனத்தின் மூல மந்திரம் அது. இதைச் சொன்ன பிறகு அவர்கள் அவசரப்பட்டதாக வரலாறே கிடையாது. சகலை தெருவில் போகிற பிக்கப் வண்டிகளையெல்லாம் பின்தொடர்ந்தார். நின்றால் பின்பக்கம் குனிந்து காதை வைத்தார். கைப்பேசியில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு வண்டிக்காரர் இவரை டயர் திருடன் என்று நினைத்து ஸ்பேனரோடு இறங்கிவிட்டார். இறங்கினவரிடமும் "என்ன சைலன்சர்ங்க இது?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் ஓடினார். இப்படி நாற்பத்து மூன்று சத்தங்கள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

"இது எட்டாம் நம்பர். நல்லாக் கவனிங்க. இது பதினேழாம் நம்பர். எது பிடிச்சிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றாள் அவர் மகள்.

"எட்டுல ஒரு கம்பீரம் இருக்கு. பதினேழுல ஒரு சோகம் இருக்கு. தெரியலையா?"

"எனக்குத் தலைவலி இருக்கு" என்றாள் என் மனைவி.

நான் எட்டுக்குக் கை தூக்கினேன். எப்படியாவது வீட்டுக்குப் போக வேண்டுமே.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், என் மைத்துனிக்கு அந்த ஆர்டர் வராமல் இருந்திருந்தால். அவள் வீட்டுக்குப் பின்னால் செடி வளர்த்து விற்கிறாள். மூன்று வருடமாக ஒன்றும் இரண்டுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பெரிய மருத்துவமனையிலிருந்து அழைப்பு. நோயாளிகள் காற்றாட உட்காருகிற தோட்டத்துக்கு நூற்று இருபது சிறிய தொட்டிச் செடிகள் வேண்டும். பிடித்துப்போனால் வருடம் முழுக்க அவளிடமே வாங்குவார்கள். மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர வேண்டும். ஆனால் இடம் பார்த்து வரலாம் என்று அவள் பிக்கப்பில் போனபோதே வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"அம்மா, உள்ள ஆபரேஷன் பண்ணினவங்க படுத்திருக்காங்க. இந்தச் சத்தம் கேட்டா தையலோட எழுந்து ஓடிடுவாங்க. இந்த வண்டிய இன்னொரு தடவ கொண்டு வந்தா உள்ள விட மாட்டேன்."

வாடகைக்கு வேறு வண்டி பிடிக்கலாமே என்பீர்கள். அவளும் அதைத்தான் சொன்னாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு வாடகை வண்டியா என்று சகலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதுக்குள்ள மாட்டிடுறேன். என் பொறுப்பு" என்று மார்தட்டினார்.

"ஏங்க, மூணு வாரம்தான் இருக்கு. இன்னிக்கே பட்டறைக்குப் போயிடலாமே?"

"மூணு வாரம் இருக்குன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்கு இன்னிக்கே?"

முதல் வாரம் சைலன்சர்த் தகட்டின் கனத்தை ஆராய்வதிலேயே போனது. இரண்டாவது வாரம், எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்கள் எட்டாம் நம்பரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார். ஒருவர் அருமை என்றிருந்தார், இன்னொருவர் குப்பை என்றிருந்தார். அன்று சகலைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குப்பை என்றவர் வைத்திருப்பது பிக்கப்பே இல்லை, வேன் என்று கண்டுபிடித்த பிறகுதான் மனிதர் ஒரு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை எட்டாம் நம்பருக்கே சொல்லி அனுப்பினார். புதன்கிழமை பெட்டி வந்தது. துண்டால் துடைத்து, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நானும் யார் சாயல் என்று சொல்லாத குறையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை பட்டறைக்கு நானும் கூடப் போனேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் போனார். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தார்.

"சார், இது மூணு இன்ச். உங்க வண்டிக் குழாய் ரெண்டே கால்."

"இருக்காது. நானே மூணு தடவ அளந்தேன்."

"எங்க அளந்தீங்க?"

சகலை குனிந்து, புகை வெளியே வருகிற முனையைத் தொட்டுக் காட்டினார். மெக்கானிக் அந்த முனையைப் பிடித்து ஒரு திருகு திருகினார். கையோடு வந்துவிட்டது. பளபளவென்று ஓர் உறை. இரண்டு வருடத்துக்கு முன் அழகுக்காக, ஐந்து வாரம் ஆராய்ந்து, சகலையே வாங்கி மாட்டிய உறை. அது கழன்றதும் உள்ளே இருந்த உண்மையான குழாய் பரிதாபமாக எட்டிப் பார்த்தது.

ஊரார் குழாயையெல்லாம் கண்ணாலேயே அளக்கிறவர், தன் வண்டிக் குழாயை டேப் வைத்து மூன்று தடவை அளந்து, மூன்று தடவையும் குழாய் போட்டிருந்த நகையை அளந்திருக்கிறார்! நான் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினேன். சகலை வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. ரெண்டே காலுன்னா பதினேழாம் நம்பரையும் சேர்த்துக்கலாம். இன்னொரு தடவ நிதானமாக் கேட்டுப் பார்ப்போம்" என்று நோட்டில் புதுப் பக்கம் புரட்டினார்.

அப்போதுதான் மைத்துனி வந்து நின்றாள். வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்க, கையில் ஒட்டிய மண்ணோடு நடந்தே வந்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், நோட்டையும் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"நாளைக்குக் காலையில பத்து மணிங்க. மூணு வருஷமா இந்த ஒரு ஆர்டருக்குத்தான் தண்ணி ஊத்தினேன்."

இருமினதற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த வண்டிக்கு எது பொருந்தும்?"

"அதோ, மேல் தட்டுல இருக்கு பாருங்கம்மா. அந்த மூணுல எது வேணாலும்."

"தூசி கம்மியா இருக்கிறத மாட்டுங்க."

"சத்தம் எப்படி இருக்கணும்?"

"இருக்கவே கூடாது."

நாற்பது நிமிடம் ஆயிற்று. அதில் பத்து நிமிடம் மெக்கானிக் டீ குடித்தார்.

வெள்ளிக்கிழமை மைத்துனி ஓட்டினாள். பக்கத்தில் சகலை, மடியில் நோட்டு. நான் பின்னால், தொட்டிகள் சாய்ந்துவிடாமல் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே மருத்துவமனை வாசலுக்குப் போய்விட்டோம். காவலாளி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே இருந்தார். ஹாரன் அடிக்கக் கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே பலகை. கடைசியில் மைத்துனி இறங்கிப் போய் மேஜையைத் தட்ட வேண்டியிருந்தது.

"எப்பம்மா வந்தீங்க?" என்று பதறி எழுந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

செடிகளைத் தோட்டப் பொறுப்பாளர் இலை இலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசமும் இதே மாதிரி நூறு கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மைத்துனி தலையாட்டிவிட்டாள். திரும்பும்போது காவலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பழைய வண்டிய வித்துட்டீங்களா?"

சகலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அதே வண்டிதான். நாலு மாசம் ஆராய்ஞ்சு மாட்டினது."

மைத்துனி ஒரு பார்வை பார்த்தாள். நல்ல நாளாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

அந்த மூன்று அங்குலச் சைலன்சர் இப்போது அவர்கள் வீட்டுப் பரணில் துணி சுற்றி இருக்கிறது. "திருப்பி அனுப்பலையா?" என்று போன வாரம் கேட்டேன்.

"எதுக்கு அனுப்பணும்? அருமையான சாமான் சகலை அது. அதுக்குப் பொருந்துற மாதிரி வேற வண்டி ஒண்ணு பார்த்துக்கிட்டிருக்கேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் ஒளிக்காமல் சொல்லுங்கள்: மூன்று அங்குலக் குழாய் எந்த வண்டியில் வரும் என்று ஒரு கணம் யோசித்தீர்கள்தானே? யோசித்திருந்தால், தயவுசெய்து நோட்டுப் புத்தகக் கடைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கோடு போட்டதற்கும் கட்டம் போட்டதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நான் நேற்றே நான்கு கடையில் விசாரித்துவிட்டேன்.