மாஜியின் பூட்டிய பாத்ரூம்

பதவி போன பிறகும் மந்திரியாகவே வாழ்ந்து தீர்த்த மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் மாஜி ஒருவர்தான். தமிழ்நாட்டில் மாஜி மந்திரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் மாஜி என்றால் அவர் மட்டும்தான். பால்காரர் அவர் எதிரிலேயே "மாஜி வீட்டுக்கு ஒரு லிட்டர்" என்பார். அவருக்குக் கோபமே வராது. அதையும் யாரோ கொடுத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சின்னத் துறைக்குக் கொஞ்ச காலம் மந்திரியாக இருந்தவர். கட்சி தோற்றதும் சென்னை பங்களாவைக் காலி செய்துவிட்டு ஒரு லாரியோடு ஊர் திரும்பினார். லாரியில் பாத்திரம் பண்டம் குறைவு, அட்டைப்பெட்டிகள்தான் அதிகம். அப்போது அவர் வீட்டு மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம்.

"எல்லாம் புஸ்தகமா சார்?" என்று கேட்டேன்.

"அரசாங்கம்மா," என்றார்.

மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒருமுறை கெட்டுப்போனது. வீட்டுக்காரர் என்ற முறையில் அவரிடம்தான் போய் நின்றேன். "பரிசீலனையில இருக்கு," என்றார். மறுநாள் கேட்டதற்கு, "கருத்து கேட்டிருக்கேன்." யாரிடம் கருத்து? சமையலறையிலிருந்த தன் மனைவியிடம்! அந்த அக்கா ஆளைக் கூப்பிட்டு மோட்டாரைச் சரி செய்த பிறகு மாஜி மாடிப்படியில் நின்று, "திட்டம் நிறைவேற்றப்பட்டது," என்று அறிவித்தார். இரண்டு படி கீழே நின்றிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

பெட்டிகளை எங்கே வைப்பது என்று யோசித்து, ஹாலை ஒட்டிய பாத்ரூமைத் தேர்ந்தெடுத்தார். அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே இடம் அதுதான். கூரை வரை அடுக்கிப் பெரிய பூட்டாகப் போட்டார். எல்லாம் அரசாங்கக் கோப்புகள். பாதிக் கோப்புகளில் 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை. அவர்கள் இரண்டு பேரும் கொல்லையிலிருந்த பழைய கழிப்பறையோடு சமாளித்தார்கள், வருகிறவர்களை அங்கே அனுப்ப முடியாது. விளைவு, கீழே வரும் விருந்தாளிகள் அவசரத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். "மேல்வீட்டம்மா! ஒருத்தர் வர்றாருங்க!" என்று குரல் வரும். கட்சிக்காரர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், ஒருமுறை சமயபுரத்துக்குப் பாதயாத்திரை கிளம்பிய ஒரு கூட்டமே. நான் தனியாக ஒரு துண்டு வாங்கி மாட்டினேன்.

சாயங்காலம் ஆனால் அவரே பூட்டைத் திறந்து உள்ளே போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கோப்புகளை வாய்விட்டுப் படிப்பார். குழாய் வழியாகவோ என்னவோ, அது எங்கள் பாத்ரூமில் கணீரென்று கேட்கும். "மேற்காண் பொருள் தொடர்பாக..." என்று ஆரம்பித்ததும் என் கணவர் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுவார். "இவரு படிக்கிறப்ப குளிச்சா, கலெக்டர் ஆபீஸ்ல குளிக்கிற மாதிரி இருக்கு."

கோப்புகளைத் திருப்பித் தரச் சொல்லி சென்னையிலிருந்து கடிதங்கள் வந்தன. மாஜி நாலைந்து பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி, சந்தனப் பொட்டோடு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

"மிச்சத்தையும் குடுத்துடுங்களேன்," என்றார் அக்கா.

"அதுவும் போயிடுச்சுன்னா நான் வெறும் ஆளுடி."

இதுவரை தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. செல்வி வந்த அன்று எனக்குச் சிரிப்பு நின்றது.

செல்விக்குக் காட்டூர் பக்கம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மாஜியைப் பார்க்க வந்தவளை, வழக்கம்போல மேலே அனுப்பிவைத்தார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஜி மந்திரியாக இருந்தபோது அவர் துறையின் கிடங்குச் சுவர் இடிந்து விழுந்ததில் அவள் புருஷனும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள். விசாரணை நடந்தது, அறிக்கையும் தயாரானது. அது மாஜியின் மேஜைக்குப் போனதோடு சரி. நஷ்டஈடு கேட்டு அவள் போட்ட வழக்கில், அறிக்கை கிடைக்கவில்லை என்றே ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதில்.

"அவரைக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன்க்கா. காபி குடுத்தாரு. அரசாங்க ரகசியம்மா, வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிப் பதவி ஏத்தவன்னு சொன்னாரு." கையிலிருந்த துண்டை மடித்தாள். "இல்லைன்னு சொல்லலியேக்கா. ரகசியம்னுதானே சொல்றாரு? அப்ப இருக்குதானே?"

படித்த வக்கீலுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அதையே வக்கீலிடம் போய்ச் சொன்னாள். சில வாரங்களில் கோர்ட் உத்தரவோடு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். வக்கீலோடு செல்வியும் வந்து கேட்டருகே நின்றாள்.

மாஜி வேட்டி சட்டையில் மிடுக்காக எதிர்கொண்டார். "தேடிப் பாத்துக்குங்க. ஒரு தாள் கிடையாது." பீரோ, பரண், பூஜையறை எல்லாம் தேடினார்கள். ஹாலோரக் கதவைத் திரை போட்டு மறைத்திருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றுமில்லை. களைத்துப்போன பெண் அதிகாரி, "பாத்ரூம் எங்க சார்?" என்று கேட்டார்.

வாய்ப் பழக்கம் விடவில்லை. "மேல போங்கம்மா," என்றார் மாஜி.

அந்த அதிகாரி மேலே வந்தார். கை துடைத்துக்கொண்டே, "கீழ பாத்ரூமே இல்லீங்களா?" என்றார்.

"இருக்குங்க. பூட்டியிருக்கு," என்றேன்.

அவர் கீழே இறங்கிப் போய்க் கேட்டதும், அக்காவே சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி வந்துபோனதிலிருந்து மாஜி திறக்காமலே வைத்திருந்த கதவு அது. திறந்ததும் வந்த நாற்றம் தெருவரை அடித்தது. பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு குழாய் எத்தனை மாதமாகக் கசிந்ததோ, அடிவரிசைப் பெட்டிகள் எல்லாம் ஊறிக் கிடந்தன. செல்வியின் கோப்பு அடிவரிசையில் இருந்தது. மேலட்டையில் பெயர் மட்டும் தெரிந்தது. உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கூழாகி, பிரித்தால் விரலோடு வந்தன.

செல்வி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். அழவில்லை.

"செவுத்துக்கு அடியிலேருந்து தூக்குனப்பக்கூட என் புருஷன் மூஞ்சி அடையாளம் தெரிஞ்சுது சார். இதுல ஒண்ணுமே தெரியல."

மாஜி அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வழக்கின் அடுத்த வாய்தாவுக்கு அவரே சாட்சி சொல்லக் கிளம்பினார். "வாயத் திறந்தா உங்களுக்குத்தான் ஆபத்து சார்," என்று அவருடைய வக்கீல் கெஞ்சினார். அக்காவுக்குத் துணையாக நானும் திருச்சி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மாஜி கூண்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, அந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தார். சாயங்காலங்களில் எங்கள் பாத்ரூமில் கேட்ட அதே கணீர் குரல். சுவர் சாய்ந்திருக்கிறது, இடிக்க வேண்டும் என்று பொறியாளர் முன்பே எழுதியிருக்கிறார். அதன்மேல் வந்த உத்தரவு: 'நிலுவையில் வைக்கவும்.'

"அந்த உத்தரவு யார் போட்டது?" என்றார் நீதிபதி.

"நான்தாங்கய்யா."

"ஏன்?"

"பக்கத்துல புதுக் கட்டடம் திறக்குறதா இருந்துச்சுங்க. நான்தான் திறந்து வைக்கணும். பந்தலுக்குப் பக்கத்துல இடிச்சுப் போட்டிருந்தா பார்க்க நல்லா இருக்காதுன்னு நெனச்சேன்."

பக்கத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பந்தலுக்காக மூன்று பேர். அந்தக் கோப்பைப் பதவி ஆசையில் வைத்திருந்தாரா, பயத்தில் ஒளித்திருந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஓய்வு பெற்றிருந்த பொறியாளரும் வந்து, அவர் சொன்னது உண்மைதான் என்றார். தீர்ப்பு செல்விக்குச் சாதகமாக வந்தது. மாஜி மேல் இரண்டு வழக்குகள் விழுந்தன. கட்சி அவரை நீக்கியது. விசாரணை முடிவதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

சாவுக்குப் பெரிய கூட்டமில்லை. செல்வி வந்தாள். உடல் இருந்த பக்கமே போகாமல் நேராக அக்காவிடம் போய் உட்கார்ந்து, அவரை ஒரு வாய் காபி குடிக்க வைத்தாள். "எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியலக்கா," என்று கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்.

இப்போது நாங்கள் உறையூரில் இருக்கிறோம். மாஜியைத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் பேச்சு அங்கேதான் போகும். மூன்று பேர் சாவுக்குக் காரணமான ஆள் என்பார்கள். உண்மைதான், நான் மறுத்துப் பேசுவதில்லை. அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.