சானமாவில் ஆனை நிற்கிறதாம்

ஓசூர்,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய அக்கா சரோஜம்மாள் அவர்களுக்கு, தம்பி நல்லுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரி சம்பங்கியும் சுகம். என் பிரஷர் மட்டும் நேற்றுச் சாயங்காலம்தான் இறங்கியது. காவேரிப்பட்டினத்திலிருந்து தாங்கள் வர முடியாமல் போன நம் ஜெயப்ரியாவின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாற்றியாயிற்று, மோதிரமும் போட்டாயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்கும்போது தங்களுக்கும் பிரஷர் ஏறும்.

எல்லாவற்றுக்கும் காரணம் தாங்கள்தான். மாப்பிள்ளை நவீன்குமார் தினமும் அனுப்பும் தேனொழுகும் மெசேஜெல்லாம் அவரே எழுதுவதா, போனில் இருக்கும் ஏஐ எழுதுவதா என்று போன வாரம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தீர்கள். கேட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், நான் தூங்கவில்லை. மண்டபத்துக்குக் கிளம்பும்போது புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "அது மிஷின் பேச்சுன்னு தெரிஞ்சா எனக்கு மோதிரம் வேண்டாம்ப்பா" என்று நிதானமாகச் சொல்கிறாள் உங்கள் மருமகள். சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

மண்டபத்தில் ராகு காலம் முடியக் காத்திருந்தோம். சும்மா காத்திருக்கலாமல்லவா? மாப்பிள்ளையோடு கம்பெனியில் வேலை பார்க்கும் பிரதாப் என்பவன் மைக்கைப் பிடித்து, விளையாட்டு என்றான். கல்யாணத்துக்குப் பிறகு ஜெயப்ரியா செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரத் தாமதமானால் என்ன மெசேஜ் போடுவீர்கள் என்பது கேள்வியாம். மாப்பிள்ளை ஒரு சீட்டில் எழுதித் தருவாராம், ஏஐ மூன்று எழுதுமாம், நான்கையும் கலந்து படித்தால் மனுஷன் எழுதியது எது என்று பெண் சொல்ல வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் பதிலில் நிலா வந்தது, இரண்டாவதில் விளக்கு எரிந்தது, மூன்றாவதில் 'உன் காலடி ஓசைக்காக என் இதயத்தின் கதவு திறந்தே இருக்கும்' என்று வந்ததும் எனக்கே கண் கலங்கி, இதுதான் நம் மாப்பிள்ளை என்று முடிவுகட்டிவிட்டேன். நாலாவதைப் படித்தான்: "சானமாவுல ஆனை நிக்குதாம். வண்டிய எடுக்காத, கம்பெனி பஸ்லயே வா. சோறாக்கி மூடி வெச்சிருக்கேன்." மண்டபமே சிரித்தது. சானமாவுக் காட்டைப் பற்றி வனத்துறை அனுப்புகிற எச்சரிக்கையைப் பார்த்து மிஷின் காப்பியடித்திருக்கிறது என்று பாகலூர்ச் சொந்தங்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் அடித்துச் சொன்னார்கள். நான் மூன்றாவதுதான் என்று ஜாடை காட்ட இருமினேன். அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாக இருமினேன். சம்பந்தியம்மா பாப்பம்மா சுடுதண்ணீரோடு ஓடி வந்தார். மாப்பிள்ளையின் மாமா, இந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, பரம்பரையில் யாருக்காவது உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குள் இவள் நாலாவது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மிஷின் எதுக்குங்க ஆனைக்குப் பயப்படப்போவுது?" என்றாள். அதுதான் சரியான விடை! கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பாவம், அவ்வளவு வெட்கம். மோதிரம் விரலில் ஏறியதைப் பார்த்தபிறகுதான், அக்கா, எனக்கு மூச்சே வந்தது. சொந்தமாக யோசிக்கிற, பெண்டாட்டிக்குச் சோறாக்கி வைக்கிற பிள்ளை. நீ பட்ட சந்தேகத்துக்கு, பக்கத்தில் இருந்திருந்தால் உன் வாயில் ஒரு லட்டை வைத்து அடைத்திருப்பேன்.

மாமாவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. கல்யாணத்துக்காவது முழங்காலைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
நல்லுசாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மா என் இருமலை விசாரிக்கப் போன் செய்தார். பேச்சுவாக்கில் சொல்கிறார், நேற்று மாப்பிள்ளை வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்ததால், நீயே ஏதாவது எழுதிக் குடும்மா என்று சீட்டைத் தன் அம்மாவிடமே கொடுத்துவிட்டாராம். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஜெயப்ரியாவிடம் சொன்னேன். "அப்பவே தெரியும்ப்பா. அவருக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது" என்றாள். பிறகு எதற்கம்மா மோதிரத்துக்கு விரலை நீட்டினாய் என்றேன். "நான் லேட்டா வந்தா பயப்பட அந்த வீட்டுல ஒரு ஆள் இருக்காங்கல்லப்பா. அவருக்கு மெதுவாச் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றாள். எனக்கு இப்போது முன்னைவிட நிம்மதி. அக்கா, நீ மட்டும் அவளுக்குப் போன் செய்யாதே.