வெளிச்சம் படக்கூடாத பெட்டி

இனிமேல் வீட்டில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று நான் தீர்மானம் செய்த அன்றைக்குத்தான் எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். தீர்மானம் காலையில். டாக்டர் சாயங்காலம். நடுவில் ஒரு பகல் முழுக்க நான் சுதந்திர மனிதன்.

"இனிப்புப் பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் மனைவி செல்லக்கனியைப் பார்த்துச் சொன்னார். எந்த வீட்டில் யார் அதிகாரி என்பது டாக்டர்களுக்கு நாடி பிடிக்காமலே தெரிந்துவிடுகிறது.

வேறு ஊர்க்காரனிடம் இதைச் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடம் சொல்லலாமா? கோயிலுக்குப் போகிற வழியில் பால்கோவாக் கடை. கோர்ட்டுக்குப் போகிற வழியில் பால்கோவாக் கடை. மதுரை பஸ்ஸுக்கு நின்றால் முதுகுக்குப் பின்னால் பால்கோவாக் கடை. மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா நடமாடுவது?

செல்லக்கனி மறுநாளே கடை கடையாக ஏறி இறங்கினாள். "எங்க வீட்டுக்காரவியளுக்குச் சர்க்கர. ஒரு துண்டு குடுத்தாலும் நான் வந்து கேப்பேன், ஆமா!" தெரிந்த கடை எல்லாம் எனக்கு மூடிவிட்டது. தவசிமுத்து கடை மட்டும் மிஞ்சியது. அவன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். அந்தப் படத்தில் அவனுக்குக் கழுத்து இருப்பதுபோல் காட்டியிருந்தேன். அந்த நன்றி அவனுக்கு இன்னும் இருந்தது.

வாங்கியாகிவிட்டது. எங்கே வைப்பது? சட்டைப் பை, தலையணை உறை, அரிசிப் பானை எல்லாம் அவளுடைய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகள். யோசித்தேன். அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது.

நான் போட்டோ ஸ்டுடியோக்காரன். ராஜரத்தினம் ஸ்டுடியோ. வாசல் அறையில் ஸ்டுடியோ, பின்னால் பழைய சாமான் அறையில் இருட்டறை. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப். அது எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது, யாரும் கதவைத் தட்டக் கூடாது. இது நான் போட்ட சட்டம். எங்கள் வீட்டில் நான் போட்டு நிலைத்த ஒரே சட்டம்.

தொண்ணூறாம் வருஷம் பிறந்துவிட்டது, ஊரெல்லாம் கலர் படத்துக்குப் பறக்கிறது. நான் மட்டும் கான்டாக்ட் பேப்பரை விடவில்லை. நெகட்டிவையும் பேப்பரையும் ஒரு கண்ணாடி வைத்த மரச்சட்டத்துக்குள் முகத்தோடு முகம் ஒட்டவைத்து பல்பைப் போட வேண்டியது. மருந்துத் தண்ணீரில் போட்டால் நெகட்டிவ் இருக்கிற அதே அளவில் படம் எழும்பி வரும். ஆனால் பேப்பர் பழைய பேப்பராக இருக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த பேப்பர். கறுப்பு என்றால் கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டிவிடும்போல இருக்கும். வெள்ளை வேட்டி வேறு, வெள்ளைச் சுவர் வேறு என்று தெரியும். இப்போது வருகிற பேப்பரிடம் கறுப்புக் கேட்டால் சாம்பலைத் தருகிறது. வேட்டியும் சுவரும் ஒன்றாகி, மனிதர் இடுப்புக்கு மேலே மட்டும் அந்தரத்தில் நிற்கிறார். பேப்பரில் பூசுகிற வெள்ளியைக் குறைத்துவிட்டார்கள், வேறென்ன? இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் நின்றுபோனதில் எனக்கு நிஜமாகவே மனசு ஆறவில்லை.

இந்தப் பிரசங்கத்தைச் சாப்பாட்டு வேளையில் தினமும் செய்வேன். செல்லக்கனி "ம்" கொட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள்.

அந்தப் பழைய பேப்பரில் கடைசிப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. மஞ்சள் அட்டைப்பெட்டி. உள்ளே சில தாள்கள்தான் மிச்சம். தகுதியான ஒரு முகம் வரும்வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன். அந்த முகம் என்னுடையதாக இருக்கும் என்று ஒரு யூகமும் இருந்தது. "பெட்டியத் தொறந்தா வெளிச்சம் பட்டு அம்புட்டும் போயிரும்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். செல்லக்கனி இருட்டறையில் எனக்குப் படம் கழுவித் தருவாள். ஆனால் அந்தப் பெட்டியைத் துடைக்கும்போதுகூட மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டில் யாரும் திறக்காத பெட்டி! தாள்களைக் கறுப்பு உறையோடு எடுத்துப் புதுப் பேப்பர் கவருக்குள் செருகினேன். மஞ்சள் பெட்டிக்குள் பால்கோவா குடிபுகுந்தது.

அதன் பிறகு நான் சந்தோஷமாக வாழ்ந்தேன். சாப்பாடு முடிந்ததும் சிவப்பு பல்ப் எரியும். ஒரு நாள் நான் வெளியே வந்தபோது செல்லக்கனி வாசலில் நின்றாள்.

"என்னங்க, வேல ரொம்பவோ?"

"ஆமா கனி. டெவலப்பிங்."

"அதான் தெரியுதே" என்று என் வயிற்றைப் பார்த்தாள்.

ஆடிப்பூரத் தேருக்குக் கான்சாபுரத்திலிருந்து என் மாமியார் வெள்ளைத்தாய் வந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். உள்ளே என் மாமனாரின் படம். படம் என்றால், கரையான் தின்றது போக ஒரு காதும் ஒரு முழங்காலும்.

"மாப்ள, அவிய மொகத்த இதுலதான் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. நீங்க எடுத்த படந்தானே? இன்னொண்ணு போட்டுத் தருவியளா?"

நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருந்தது. "அதுக்கென்ன அத்தை!" என்றேன்.

"பழைய பேப்பர்லதான் போடணும்" என்றாள் செல்லக்கனி.

நான் இழுத்தேன். "அது... அந்தப் பெட்டியத் தொறந்தா..."

"செவப்பு லைட்டுல ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான சொல்லுவிய? நானும் கூட வாரேன்."

"நீ வரவேண்டாம்! மூச்சுக்காத்து பட்டாலே ஆவாத பேப்பர் அது. நாளைக்கு நானே போட்டுத் தாரேன்."

"பழைய பேப்பர்ல?"

"பழைய பேப்பர்ல."

மறுநாள் காலையில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. தொழிலாளர்களின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும். முடித்துவிட்டு மத்தியானம் வந்தால், இருட்டறைக்கு மேலே சிவப்பு பல்ப் எரிகிறது. உள்ளே தாழ்ப்பாள். சட்டம் சட்டம்தானே? தட்டாமல் வெளியே நின்றேன். செத்த நேரம் கழித்து செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உள்ள என்னட்டி பண்ணுத?"

"எலி இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இருக்கு. பெரிய எலி. இனிப்பு திங்குத எலி."

எலி என் பால்கோவாவைக் கண்டுபிடித்துவிட்டதே! அவள் அந்தப் பக்கம் போனதும் ஓடிப்போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. நிம்மதியாக ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

பழைய தாளில் ஒன்றை எடுக்கக் கவரில் கை வைத்தேன். கை வரவில்லை. மாமியார் பாவம், வயசானவர். அவருக்குச் சாம்பலும் கறுப்பும் ஒன்றுதானே? என் முகத்துக்கென்று வைத்ததை ஏன் வீணாக்க வேண்டும்? புதுத் தாளில் படம் போட்டு, காயவைத்து, சாயங்காலம் கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இந்தாங்க அத்தை. பழைய பேப்பர். இனி இது மாதிரி உலகத்துல கிடையாது."

மாமியார் படத்தைத் தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அவிய மீசையக் காணமே. பனிமூட்டத்துக்குள்ள நிக்குத மாதிரில்ல இருக்காவ."

செல்லக்கனி வாங்கிப் பார்த்தாள். "வேட்டி எங்க முடியுது, செவுரு எங்க ஆரம்பிக்குது? அப்பா இடுப்புக்கு மேலதான் இருக்காவ. கறுப்பு சாம்பலால்ல இருக்கு? வெள்ளியக் கொறச்சிட்டானுவளோ?"

தினமும் ரசத்தோடு "ம்" கொட்டினாளே, அதெல்லாம் வெறும் "ம்" இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வயசாச்சில்ல, பழைய பேப்பரு மங்கிருச்சு" என்று சமாளித்தேன்.

"அப்படியா? இதப் பாருங்க" என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு படத்தை எடுத்து நீட்டினாள்.

அதே மாமனார். ஆனால் ஆள் உயிரோடு இருந்தார். மீசை ஒவ்வொரு முடியாக நின்றது. வேட்டியின் மடிப்பு தனி, சுவரின் விரிசல் தனி. மாமியார் படத்தை வாங்கினார். விரலால் அந்த மீசையைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் என்னையே மறந்தேன்.

"பாத்தியாட்டி! கறுப்புன்னா இது கறுப்பு! பழைய பேப்பர்னா பழைய பேப்பர்தான்! புதுப் பேப்பர்ல இது வருமா?"

"வராதுல்ல?" என்றாள். என்னுடைய படத்தைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இது என்ன பேப்பரு?"

பேச்சை மாற்றினேன்.

"இத யாரு போட்டது?"

"நான்தான். இத்தன வருசமா உங்க பக்கத்துல நின்னு கழுவுனவ, இது தெரியாதா? நீங்கதான் செவப்பு லைட்டப் பாத்து வெளிய காவலுக்கு நின்னியளே."

"பேப்பரு ஏது?"

"பெட்டியில இல்லன்னதும் பக்கத்துக் கவருல தேடுனேன்."

"பெட்டியில இல்லன்னு உனக்கு எப்படித்..." பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்குள் அவள் இருட்டறைக்குள் போய் மஞ்சள் பெட்டியோடு வந்துவிட்டாள். நேராக முற்றத்துக்குப் போனாள். அங்கே இன்னும் நல்ல வெயில்.

"ஏட்டி, தொறக்காத! வெளிச்சம் படும்!" பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

திறந்தாள். தவசிமுத்து கடைப் பால்கோவா வெயிலில் பளபளவென்று இருந்தது. முதல் துண்டு மாமியாருக்கு. அடுத்தது சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளுக்கு. அவர் வீட்டுக்கென்று இலையில் கொஞ்சம். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். பெட்டியின் மூலையில் ஒரே ஒரு துண்டு மிச்சம். மானத்தை விட்டுக் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு எப்படிங்க குடுக்க?" என்றாள் செல்லக்கனி. "வெளிச்சம் பட்டுப்போச்சே! இனி ஆவாதே."