கழற்ற முடியாத கிளவுஸ்

கையைப் பிடித்துப் பார்த்தே வளையல் அளவு சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெருமையோடுதான் போன மாரியில் மோட்டார் சைக்கிள் கிளவுஸ் வாங்கப் போனேன். (சொல்லுகிறது நான், எழுதுகிறது பேத்தி மது. எனக்கு எழுத்து வராது. சிரிக்காமல் எழுது, பிள்ளை.)

மது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் மழைக்குள் பாமன்கடையில் சறுக்கி விழுந்து, உள்ளங்கை இரண்டும் உரிந்து வந்தாள். அவளுடைய அப்பன், என் மகன், கத்தினான்: "இன்னொருக்கா இந்தக் கையில கீறல் கண்டனெண்டா ஸ்கூட்டியை வித்துப்போடுவன். பிறகு பஸ்ஸில தொங்கு!"

பிள்ளை அழுதாள். பஸ்ஸில் பெண் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியாதா? "கைக்கு நல்லதா ஒண்டு வாங்குவம், வா" என்று நானே பின்னால் ஏறினேன்.

கொட்டாஞ்சேனைக் கடையில் மது எடுத்தது வலை மாதிரி மெல்லிசு. அதைப் போட்டால் நுளம்புகூடக் கடிக்கும். நான் உள்ளங்கையில் தோல் இரட்டையாகத் தைத்ததைக் கேட்டு வாங்கினேன். அதுவரை சரி. பிறகுதான் என் வளையல் மூளை வேலை செய்தது. வளையலென்றால் கை நோக நோகத்தானே ஏற்றவேண்டும்? ஆகச் சின்னதாகப் பார்த்து அவள் கையில் திணித்தேன்.

"அப்பம்மா, விரல் மடியுதில்லை. எப்பிடி பிரேக் பிடிக்கிறது?"

"வளையலும் முதல்ல நோகும். பொறு."

"வளையலால ஆரும் பிரேக் பிடிக்கிறதில்லை, அப்பம்மா!"

உருவிப் போட்டுவிட்டாள். எனக்கு ரோசம். "என்ர கைக்கே போகும், பார்" என்று மாட்டினேன். போனது. வரவில்லை. மோதிரத்தில் சிக்கிவிட்டது. கடைக்காரன் கையை இழுக்க, மது இடுப்பைப் பிடித்து மற்றப் பக்கம் இழுக்க, ஹெல்மெட் வாங்க வந்தவர்களெல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

"கப்பமுத, அம்மே?" வெட்டுவமா என்று சிங்களத்தில் கேட்டான்.

"எதை, கையையா?"

நான் போட்ட சத்தத்தில் கத்தரிக்கோலை ஒளித்துவிட்டான்.

மதுவுக்கு அடுத்த அளவை வாங்கினோம். விரல் நன்றாக மடிந்தது, நுனியில் தொங்கவுமில்லை, மணிக்கட்டுப் பட்டியும் இறுகியது. கையில் ஒட்டிக்கொண்ட சோடி எனக்கு; அதோடேயே ஸ்கூட்டியில் ஏறினேன்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் வாசலில் மகன். என்ன புளுகமோ, சந்தோசத்தில் கிளவுஸ் கையை உயர்த்தி ஆட்டினேன். கையோடு ஸ்கூட்டியும் ஆடியது. ஈர மணலில் சரிந்து, அவன் காலடியிலேயே இரண்டு பேரும் விழுந்தோம்! (ஹெல்மெட்டால் தலை தப்பியது. கொண்டைதான் போச்சு.)

"கையைக் காட்டு!" என்று மகன் பாய்ந்தான்.

மது கிளவுஸைக் கழற்றி விரித்தாள். கிளவுஸ் முழுக்கக் கல் கீறிய தடம். பிள்ளையின் கையில் ஒரு பொட்டுக் கீறலுமில்லை. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கீறல் எங்க, தம்பி? வடிவாத் தேடு. கண்ணாடி எடுத்துத் தரட்டே?" என்றேன், நிலத்தில் இருந்தபடியே.

"உங்கட கையைக் காட்டுங்கோ, அம்மா."

"ஏலுமெண்டா கழட்டிப் பார்!"

சவர்க்காரம் போட்டு நுரைக்க வைத்து அவனே கழற்றினான். என் கையிலும் ஒன்றுமில்லை. ஸ்கூட்டியை விற்கிற கதையை அன்றோடு விட்டுவிட்டான். இப்போதும் நான் மதுவின் பின்னால் ஏறினால், "அம்மா, கையை மட்டும் ஆட்டாதேங்கோ!" என்று வாசலில் நின்று கத்துவான். அயல் வீட்டுச் சனமும் சேர்ந்து கத்தும்.

ஆட்டாமல் போவேனா?