ஒரு கரண்டி புட்டிங்கில் விழுந்தவன் அக்காவுக்கு எழுதியது

அக்காவுக்கும் மதிப்புக்குரிய அத்தானுக்கும், தம்பி தலை தாழ்த்தி வணங்கி எழுதிக்கொள்வது. தலையைத் தாழ்த்துவது இப்போது எனக்குச் சுலபமாக வருகிறது. முன்பெல்லாம் தாடை மடிப்பு குறுக்கே நிற்கும். அத்தானின் முட்டிவலி எப்படி, மருமகளின் பரீட்சை எப்படி என்று வரிசையாக விசாரிப்பதுதான் முறை. விசாரித்ததாக வைத்துக்கொள். எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் நேற்று நடந்தது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. திங்கட்கிழமை என்மேல் விசாரணை. இத்தனை வருடம் பிடித்த கரண்டி இனி என் கையில் இருக்குமா இருக்காதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் மூலகாரணம் நீதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

எடை குறைக்க ஆபரேஷன் வேண்டும் என்று நான் கேட்டேனா? உன் வீட்டு விசேஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலி என்னோடு சேர்ந்து தரைக்கு வந்தது உண்மைதான். அதற்கு அந்த நாற்காலியை அல்லவா திட்டியிருக்க வேண்டும்? நீயோ எல்லார் முன்னாலும், "சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. உனக்கு ஒண்ணுன்னா உன் பொண்டாட்டிக்கு யார்டா இருக்கா? என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று அழுது ஊரைக் கூட்டினாய். நானும் அடித்தேன், சத்தியம் செய்தேன், போய்ப் படுத்தேன். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையில் ஒரு முட்டை அளவு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிடுவார்களாம், சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அந்த முட்டையோடு ஒட்டிவிடுவார்களாம். வீட்டுக்கு வரும் பிளம்பர்கூட இதைவிடத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்.

நன்றி கெட்டவன் என்று நினைக்காதே. சுகர் மாத்திரை நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. என் ஷூ கயிற்றை நானே கட்டிக்கொள்கிறேன், அதுவும் குனிந்து. குறட்டையும் நின்றது. அதனால் உன் தம்பி பெண்டாட்டிக்குத் தூக்கம் போயிற்று. சத்தமே இல்லாமல் கிடக்கிறேன் என்று பயந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். ஆனால் மற்றதை யார் சொன்னீர்கள்? தலையில் சீப்பை வைத்தால் பாதி முடி சீப்போடு வருகிறது. வயிற்றுத் தோல் யாரோ கழற்றிப் போட்ட சட்டை மாதிரி தொங்குகிறது. இரண்டு வாய் சோற்றை அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் கல் உட்கார்ந்த மாதிரி அடைத்து, அடுத்த நிமிடம் வாஷ்பேசினுக்கு ஓட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சத்து மாத்திரையோ ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே குளிர். அடுப்பு எதிரே நின்றுகொண்டு ஸ்வெட்டர் போட்ட சமையல்காரனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? நான் போடுகிறேன்.

கேண்டீனில் யாருக்கும் இந்த ஆபரேஷனைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அங்கே எனக்குப் பெயரே குண்டு மாஸ்டர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என் தொப்பையைப் பார்த்துத்தான் தட்டை நீட்டுவார்கள். சமைக்கிற ஆளுக்கே சாப்பாடு இறங்காது என்று தெரிந்தால் அந்த உணவுக்கு மதிப்பு ஏது? குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்தேன். "என்ன மாஸ்டர், இப்படி இளைச்சுட்டீங்க?" என்று முதலில் கேட்டவர் லேத் பெரியவர், லேத் மிஷினில் இருப்பவர், எங்கள் வரிசையில் என்றைக்கும் முதல் ஆள். "காலையில நடக்கிறேன் பெரியவரே" என்றேன். "நல்லது, நல்லது" என்று தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரையும் நம்பவைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. இன்னொரு பெருமையும் உண்டு. வாய் ருசி மாறிப்போய், தாளிக்கிற வாசனைக்கே குமட்டிக்கொண்டு வந்தபோதும் என் கை மாறவில்லை, அக்கா. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து சாப்பாட்டைப் பற்றி ஒரு புகார் கிடையாது. முன்பாவது ஒருத்தர் காரம் என்பார், ஒருத்தர் சப்பென்று இருக்கிறது என்பார். இப்போது முணுமுணுப்புகூட இல்லை. வயிற்றை வெட்டினாலும் கைப்பக்குவத்தை வெட்ட முடியுமா என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். கையும் இப்போது முதுகுக்கு எட்டுகிறது.

மருத்துவமனையில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். போகும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்பார். "காலையில ஒரு முட்டை, மத்தியானம் ரெண்டு கரண்டி பருப்பு" என்பேன். "இனிப்பு?" "தொடறதே இல்லைங்க." கூசாமல் சொல்லுவேன், ஏனென்றால் அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தொழிலில் ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது. இந்த அண்டாவில் உள்ளங்கையில் ஒரு சொட்டு, அந்த அண்டாவில் அரைக் கரண்டி, வறுத்ததில் ஒரு துண்டு, சூப்பில் ஒரு மடக்கு. இதையெல்லாம் சாப்பிட்டேன் என்று எந்தச் சமையல்காரன் சொல்லுவான்? கொத்தனார் தொட்டுப் பார்த்த சுவரை எல்லாம் தன் வீடு என்றா சொல்கிறார்?

நேற்று வாரக் கடைசி. இனிப்பு போடும் நாள். பெரிய அண்டாவில் பால் புட்டிங் இறக்கியிருந்தேன். வரிசை கதவு வரைக்கும் நிற்கிறது. பெரியவர் முதலில் தட்டோடு நிற்கிறார். எங்கள் கேண்டீனில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் எல்லார் கண்ணெதிரே ஒரு கரண்டி வாயில் போட்டு, தலையை ஆட்டின பிறகுதான் பரிமாறத் தொடங்குவோம். பழைய மாஸ்டர் காலத்திலிருந்து அப்படித்தான். நானும் ஒரு கரண்டி போட்டேன். சர்க்கரை போதவில்லை போல இருந்தது. அள்ளிப் போட்டுக் கலக்கி இன்னொரு கரண்டி. அப்போதும் திருப்தி இல்லை. மூன்றாவதும் போட்டுப் பார்த்து, தலையை ஆட்டினேன். ஆட்டின தலை நிற்கவில்லை, அக்கா! கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வேர்வை ஊற்றுகிறது, வயிறு முறுக்குகிறது, கண்ணெதிரே இருந்த குழல் விளக்கு ஒன்று நாலாகிறது. "மாஸ்டர், மாஸ்டர்" என்று பெரியவர் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்கிறது. புட்டிங் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தேன். கரண்டி போய் அண்டாவில் மோதி எழுப்பிய சத்தத்தில் மிஷின் ஷெட்டிலிருந்துகூட ஆட்கள் ஓடி வந்தார்களாம்.

நீயே சொல். தன் கையால் செய்த இனிப்பைத் தானே தின்று சமையல்காரன் விழுந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நான் கண்ணைத் திறந்தபோது அரிசி மூட்டைமேல் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மெல்லத் தலையைத் தூக்கி ஹாலைப் பார்த்தேன். ஐயோ அக்கா, அந்தக் காட்சி என் எதிரிக்கும் வரக் கூடாது! மேஜை முழுக்கக் கழுவின தட்டுகள் கழுவினபடியே இருக்கின்றன. சோற்றில் ஆவி பறக்கிறது. ஆள் ஒருவர் இல்லை. ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் பசியோடு வேலைக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். என் சமையலை யாரும் தொடாமல் போன நாள் அதற்கு முன்னால் ஒன்றுகூடக் கிடையாது. மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து அண்டாவைத் துணியால் கட்டச் சொன்னார். "டெஸ்ட்டுக்கு அனுப்பறோம். திங்கக்கிழமை ரிப்போர்ட் வரும், நீங்களும் வாங்க" என்றார். வாங்க என்ற அந்த மரியாதையிலேயே என் கதை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். என்றைக்கும் "வாய்யா" என்கிற மனிதர்.

சாயங்காலம் மருத்துவமனை அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை நேரா குடலுக்கு இறங்கிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அதான் மயக்கம். எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்றார். "சாப்பிடலைங்க, ருசிதான் பார்த்தேன்" என்றேன். டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

இப்போது என் நிலைமையைப் பார். உண்மையைச் சொன்னால், ருசி பார்க்க முடியாதவனுக்குக் கேண்டீனில் என்ன வேலை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் விஷம் வைத்த மாஸ்டர் என்ற பெயரோடு அனுப்புவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். இந்த வயதில் எனக்கு வேறு எதுவும் தெரியாது, அக்கா. எனக்குத் தெரிந்ததெல்லாம் பசித்து வருகிறவர்கள் முகம் தெளிந்து போவதைப் பார்ப்பதுதான். அதுவும் போய்விட்டால் நான் இளைத்து என்ன பிரயோசனம்? ஆகவே உன்னிடம் ஒரே ஒரு உதவி. நீ திங்கட்கிழமை நேரில் வந்து மேனேஜரிடம், "முந்தின நாள் என் தம்பி எங்க வீட்டுல சாப்பிட்டான், நான் வெச்ச கறி கெட்டுப்போயிருந்தது, அதான் மயக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் சமையலைத் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அத்தானையும் கூட்டி வா. அவர் முகமே சாட்சி.

இவ்வளவு எழுதியதில் குற்றம் இருந்தால் சின்னவன் என்று பொறுத்துக்கொள். அத்தானுக்கு வணக்கம், மருமகளுக்கு என் ஆசி. அவள் பாஸாகட்டும், தடியாகட்டும், ஆனால் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் மட்டும் செய்யாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்டுப் பாதியாகிப்போன தம்பி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். இதை மடித்து உறையில் போடும்போதே கதவு தட்டினார்கள். லேத் பெரியவரும் பேக்கிங் செக்‌ஷன் அம்மா ஒருவரும். உட்காரக்கூட இல்லை. பெரியவர்தான் பேசினார். "மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டோம். நீங்க வழக்கம்போல வேலைக்கு வாங்க மாஸ்டர்." எதை என்றேன். "வயித்து ஆபரேஷனைத்தான். இந்தம்மாவோட தங்கச்சி உங்க வார்டுலதான் வேலை பாக்குது. நீங்க அட்மிட் ஆன அன்னைக்கே எங்க எல்லாருக்கும் தெரியும்." தெரிந்துமா நேற்று ஒருவரும் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "நீங்க கண்ணு செருகிக் கிடக்கிறீங்க, எங்களுக்கு எப்படி மாஸ்டர் சோறு இறங்கும்?" என்றார். நான் சமையல்காரன், வெங்காயம் இல்லாமல் அழுது பழக்கம் இல்லை. இன்றைக்கு அழுதேன், அக்கா. பேக்கிங் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, இன்னும் ஒன்று சொல்லலாமா கூடாதா என்று பெரியவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினதும் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். நீங்க திரும்பி வந்த நாள்ல இருந்து எல்லாத்துலயும் ஒரே உப்பு. வாயில வைக்க முடியலை. ஆபரேஷன் பண்ண மனுஷன், மனசு நொந்துடக் கூடாதுன்னு அத்தனை பேரும் பேசாம முழுங்கிட்டிருந்தோம்."