அத்தான் சிரித்த படமும் அதற்கு நான் செய்த ஏற்பாடுகளும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
படம் எடுத்து மூன்றாம் நாள்.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மருமகள் சாம்பவிக்கு,

உன்னைப் பெற்ற கொம்மாவின் ஒரே தம்பியும், இக்குடும்பத்தின் சகல காரியங்களுக்கும் பொறுப்பாளனுமாகிய கிருபாகரன் மாமா வணக்கத்துடன் வரைவது. வெள்ளவத்தைப் பக்கம் எல்லாரும் சுகம். ரொறன்ரோப் பக்கமும் அவ்வாறே என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னனான். இந்தக் கடிதத்தையும் படத்தையும் உன் கையிலே தருகிற ஸ்ரனிஸ்லாஸ் அதற்குச் சாட்சி. போன மாதம் மார்க்கட்டுக்கு முன்னாலே முருங்கைக்காயோடு போன மனுசனை மறித்து, எங்கட அத்தான் சிரிப்பார், அதுவும் கமராவுக்குச் சிரிப்பார், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிப்பார் என்று மூன்று தரம் சொன்னனான். தனக்கு ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதே. அவருக்குச் சீனி வருத்தம், ஞாபகம் முன்பின்னாக இருக்கும். வட்ஸ்அப்பிலே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இது வரலாறு, பிள்ளை. வரலாற்றைப் பெருவிரலால் எழுதக்கூடாது.

அத்தானாகிய கொப்பருக்கு அந்தப் பாரிசவாத வருத்தம் வந்து வாய் இடப்பக்கம் இழுத்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக மனுசன் ஒரு படத்துக்கும் முகம் கொடுக்கவில்லை. நீ வீடியோ கோல் எடுத்தால் போனைத் திருப்பி மேலே சுற்றுகிற ஃபானைத்தான் காட்டுவார். நீ என்னட்ட அழுதது இப்பவும் காதுக்குள்ள நிற்குது. "மாமா, உங்கட ஃபானில எத்தின தூசு கிடக்கு எண்டும் எனக்குத் தெரியும். அப்பான்ர முகம்தான் மறந்துபோகும்போல இருக்கு." உனக்கு வதிவிடப் பேப்பர் சரிவரும்வரைக்கும் இஞ்ச வர ஏலாது. ஆனபடியால் நீ அங்கேயிருந்துகொண்டு ஹிபா என்ற தெஹிவளைப் பிள்ளையை ஒழுங்குசெய்து, குடும்பம் முழுக்கக் கடற்கரையிலே தங்கள் பாட்டில் இருக்கிற மாதிரி ஒரு படம், அதிலே அப்பாவும் இருக்கவேண்டும் என்று சொன்னாய். அந்த நிமிஷமே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எடுக்கச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் என்னுடைய குணம்.

ஹிபா கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் வயசு காணாது. படத்துக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எப்படித் தயார்ப்படுத்துவது என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தா. பிள்ளைகள் நித்திரை கொண்டிருக்கவேண்டும், வயிறு காயக்கூடாது, உடுப்பு இலகுவாக இருக்கவேண்டும், சிரி சிரி என்று நெருக்கக்கூடாது, அதுகள் ஓடினால் ஓடவிடவேண்டும், தாய் தகப்பன் பதற்றப்படக்கூடாது. எல்லாம் நல்ல யோசனைதான், ஆனால் ஒரு ஒழுங்கு இல்லை. எனக்கு இந்தத் தொழில் புதிது அல்ல. ஒரு கலியாண வீட்டிலே அறுநூறு பேரை ஒரே படத்துக்குள் அடக்கினவன் நான். அதிலே எழுபது பேர் என்னோடு கதை பேச்சில்லாதவர்கள், அவர்களும் அசையவில்லை. ஆகவே நேர அட்டவணை ஒன்று போட்டு ஃபிரிஜ்ஜிலே ஒட்டினேன். புதன் ஐந்து மணி முதல் ஐந்தரை வரை இயல்பாக இருத்தல். ஐந்தரை முதல் ஆறு வரை தற்செயலாகச் சிரித்தல். அதன்பின் தேத்தண்ணி.

புதன்கிழமை உன் அண்ணன் ஜனாவின் பிள்ளைகள் இரண்டையும் கூப்பிட்டு என் போனைத் தூக்கினதுதான் தாமதம், ஆதிசன் ஓடிப்போய் வெள்ளைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். ஆறு வயசு. நாடியை நிமிர்த்தி, வாயை மூடி, மூச்சையும் பிடிச்சுக்கொண்டு. மினுஷா நாலு வயசு, அது தன்ர மயிரை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளிக் காது இரண்டையும் காட்டிக்கொண்டு, "மாமாத் தாத்தா, இது எந்த நாட்டுக்கு?" எண்டு கேட்டுது. அதுகளில பிழை சொல்லேலாது. பிறந்ததிலிருந்து சந்தி ஸ்ரூடியோவில விசாவுக்குப் படம் எடுத்தே வளர்ந்த பிள்ளையள். கனடாவுக்கு ஒருக்கா, இந்தியாவுக்கு ஒருக்கா, திரும்பவும் கனடாவுக்கு. நான் சிரிச்சுக்கொண்டு, எந்த நாட்டுக்கும் இல்லையம்மா எண்டு சொன்னன். சொல்லியிருக்கக்கூடாது. ஆதிசன் பிடிச்ச மூச்சை விட்டுட்டு, "அப்ப ரிஜெக்டோ?" எண்டு கேட்டான். உடன இரண்டும் அழத் தொடங்கியிட்டுதுகள். அழுகை கேட்டு ஓடிவந்த ஜனா, விஷயம் தெரியாமல், போனைக் கண்ட பழக்கத்திலை தானும் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சுவரோட நிண்டான்.

அது ஒத்திகை, அப்படித்தான் இருக்கும். உண்மையான வேலை ஞாயிற்றுக்கிழமை. வயிறு காயக்கூடாது எண்டு பட்டியலில இருந்தபடியால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலால இரண்டு பிள்ளையளுக்கும் ரோல்ஸ், உளுந்து வடை, ஐஸ் சொக், பிறகு ஒரு கிளாஸ் பாலும் குடுத்தனான். ஆதிசன் அதை ஜனாவின்ர புதுக் காற்சட்டையில திருப்பித் தந்திட்டான். ஒரு கணக்கில நல்லதுதான், அந்தக் காற்சட்டை படத்துக்குச் சரியில்லை எண்டு எனக்கு முதலே பட்டது. பிறகு நித்திரை. நான் நடுவில படுத்து இரண்டு பக்கமும் பிள்ளையளைப் போட்டு, என்ர வாழ்க்கைச் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினன். முக்கால் மணித்தியாலத்தில நல்ல நித்திரை. நான்தான். பிள்ளையள் எழும்பிப் போய்க் கொண்ணியின்ர பவுடர் டப்பா முழுக்க ஃபிரிஜ்ஜில் பூசி, என்ர அட்டவணையும் தெரியாமல் போச்சு. கொண்ணி, ஜனாவின்ர மனுசி ஹம்சிகா, பொறுமையான பிள்ளை. ஒரு துணியை மட்டும் கையில தந்தா.

கொம்மாவுக்கு இலகுவான உடுப்பு எண்டு சொல்லிப் பருத்திச் சேலை ஒண்டு எடுத்து வைச்சிருந்தனான். அக்கா அதைத் தொட்டும் பார்க்கேல்லை. கூறைச் சேலை, அட்டியல், ஆறு காப்பு. கடற்கரைக்கு இது என்னத்துக்கு எண்டு கேட்டதுக்கு, இது இல்லாட்டித் தனக்கு இலகுவா இருக்காதாம்.

இனித்தான் நீ காத்துக்கொண்டிருக்கிற இடம். கொப்பர் யன்னல் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வெளிக்கிடேல்லையோ அத்தான் எண்டு கேட்டன். திரும்பாமலே சொன்னார், "பழைய படம் ஒண்டு இருக்குத்தானே, நேர் வாயோட. அதைப் பெருப்பிச்சு வையுங்கோ. பிறகு தேவைப்படும்."

என்னத்துக்குத் தேவைப்படும் எண்டு எங்கள் எல்லாருக்கும் விளங்கினது. அக்கா குசினிக்குள்ள சட்டி கழுவிக்கொண்டு நிண்டவ, கூறைச் சேலையோடதான், கழுவுறதை நிப்பாட்டிப்போட்டு ஈரக்கையோட வந்து அத்தானுக்கு முன்னால நிண்டா.

"நேர் வாயால முப்பத்தாறு வருசம் என்னோட சண்டை பிடிச்சனீங்கள். கோண வாயாலையும் பிடிக்கிறியள். எனக்கு வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை. எழும்புங்கோ."

இது ஒரு பக்கம். மறுபக்கம் நான் மனித முகத்தின்ர மேன்மையைப் பற்றி ஒரு கால் மணித்தியாலம் பேசினனான், அதுதான் ஆளை அசைச்சது எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம். கொப்பர் எழும்பினார். "கடலைப் பார்க்க வாறன். கமராவுக்குப் பின்னாலதான் இருப்பன்" எண்டார். இருங்கோ அத்தான், முன்னும் பின்னும் எனக்கு ஒண்டுதான் எண்டு சொன்னன்.

நாலரைக்கு ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினம். கொப்பர் சொன்ன சொல் மாறாமல் ஹிபாவுக்குப் பின்னால ஒரு கல்லில இருந்து தடியை ஊண்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். மற்றவை எல்லாரும் ஒரு வரிசை. எல்லாரின்ர காதும் தெரியுது, ஒருதரும் மூச்சு விடுறேல்லை. ஹிபா கமராவை இறக்கிப்போட்டு, "நீங்க ஒண்ணும் செய்ய வாணாம், சும்மா கதைச்சிட்டு இருங்க" எண்டா. எங்கட ஆக்களுக்குச் சும்மா கதைக்கச் சொன்னால் கதை வராது. கடைசியில ஒரு பெரிய அலைதான் வந்தது. பிள்ளையள் கத்திக்கொண்டு ஓட, அக்கா கூறைச் சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணியில நிண்டு ஆறு காப்பும் குலுங்கக் கூப்பிட, ஜனா தாயின்ர செருப்புக்குப் பின்னால ஓட, செருப்புக் கொள்ளுப்பிட்டிப் பக்கம் மிதந்து போயிட்டுது. அந்த நேரம் பார்த்து நான் கொப்பரின்ர காதுக்குள்ள ஒரு பகிடி விட்டன். கடிதத்தில எழுதக்கூடிய பகிடி அல்ல. மனுசன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். நான் கையைக் காட்ட, ஹிபா அப்படியே திரும்பினா. எடுத்தா.

அந்தப் படந்தான் இப்ப உன்ர கையில இருக்கு. வடிவாப் பார். கண்ணிலே தண்ணி வரச் சிரிக்கிறார், பல் ஒண்டு இல்லாததும் தெரியுது. மினுஷா நனைஞ்ச சட்டையோட மடியில ஏறி, கொப்பரின்ர வாயில தொங்குற பக்கத்தை இரண்டு விரலால தூக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கு. அவர் தட்டிவிடேல்லை. இழுத்த வாய் எண்டு ஒருதருக்கும் மறைக்கவும் இல்லை. முகம் மறந்துபோகும் எண்டு இனி நீ சொல்லேலாது.

உன்னுடைய பேப்பர் விரைவில் சரிவரவும், அங்கே குளிர் உன்னை அண்டாமல் போகவும், எங்கட தெரு ஒழுங்கைப் பிள்ளையாருக்கு வெள்ளிதோறும் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன். எல்லாருடைய அன்பையும் நானே சேர்த்து எழுதிவிட்டேன், தனித்தனியாக எதிர்பார்க்காதே.

இங்ஙனம்,
சகல ஏற்பாடுகளையும் செய்த மாமா,
கிருபாகரன்.

பி.கு: ஸ்ரனிஸ்லாஸ் வாய் காக்கிற ஆள் இல்லை, ஆனபடியால் நானே சொல்லிவிடுகிறேன். மேலே எழுதினதில் ஒன்றே ஒன்று கற்பனை. நான் கடற்கரைக்குப் போகவில்லை. வெளிக்கிடுகிற நேரம் பார்த்து அக்கா, அத்தானின்ர நீலச் சேர்ட் கொட்டாஞ்சேனையிலை எங்கட ஒண்டுவிட்ட தம்பி சாந்தகுமார் வீட்டில கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா எண்டா. நான் இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்டால், அவன் அப்படி ஒரு சேர்ட்டைக் கண்டதே இல்லையாம். அங்க தேத்தண்ணி குடிக்கேக்கைதான் அக்காவின்ர கெட்டித்தனம் எனக்கு விளங்கினது. அதுவும் ஒரு விதத்திலை என்ர ஏற்பாடு எண்டுதான் வைச்சிருக்கிறன், நான் போகாமல் விட்டதாலதானே எல்லாரும் மூச்சு விட்டவை. அலை, செருப்பு எல்லாம் ஆதிசனிட்டக் கேட்டும் ஹிபாவின்ர மற்றப் படங்களைப் பார்த்தும் எழுதினது, அது சுத்த உண்மை. பகிடி மட்டும் நான் சொன்னது அல்ல. ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு வர, எல்லாரும் ஈரத்தோட நிலத்தில இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. அத்தான், என்னத்துக்குச் சிரிச்சனீங்கள் எண்டு கேட்டன். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இரண்டு பேரும் திரும்பச் சிரிக்கத் தொடங்கியிட்டினம். மூண்டு நாளாக் கேட்கிறன், ஒருதரும் சொல்லுறதாயில்லை. நீ எடுத்துக் கேள், பிள்ளை. உனக்கெண்டால் சொல்லுவார்.